ஹனுக்கா பலகாரம்: லாட்கேயா, சுஃப்கானியாவா?

ஹனுக்கா யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழா. எருசலேம் ஆலயத்தை மீட்டபோது, ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது ஐதீகம். அதனால்தான் எண்ணெய்ப் பலகாரம்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன குடும்பங்களில் லாட்கே. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, நீரை ஒட்டப் பிழிந்து, முட்டையும் கொஞ்சம் மாவும் கலந்து தட்டையாகப் பொரிப்பார்கள். தொட்டுக்கொள்ளப் புளித்த க்ரீம் அல்லது ஆப்பிள் கூழ். இறைச்சி விருந்தென்றால் க்ரீம் கிடையாது. யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் சேரக்கூடாதே! பழங்கால வழக்கம் போலத் தோன்றினாலும், உருளைக்கிழங்கே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பொருள்தான். அதற்கு முன்பே இத்தாலிய யூதர்கள் பாலாடைக்கட்டியில் அடை சுட்டிருக்கிறார்கள்.

இஸ்ரேலில் கொடிகட்டிப் பறப்பது சுஃப்கானியா. ஈஸ்ட் மாவு உருண்டையைப் பொரித்து, உள்ளே ஜாம் வைத்து, மேலே சர்க்கரைப் பொடி தூவியது. லாட்கேயை வீட்டிலேயே சுட்டுவிடலாம். இதற்குப் பேக்கரி வேண்டும். 1920களில் ஹிஸ்டாட்ரூட் தொழிற்சங்கம் இதைத் தூக்கிப்பிடித்ததற்குக் காரணமும் அதுதான்: பண்டிகை நாளில் தொழிலாளர்களுக்கு வேலை. இப்போது சாக்லேட், பிஸ்தா க்ரீம் என்று அலங்காரம் ஏறிக்கொண்டே போகிறது.

என் ஓட்டு லாட்கேக்கு, சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் கிடைத்தால். விருந்தாளி நிறைய என்றால், சரி, பேக்கரிக்கே போய்விடுங்கள்.