அம்மாவுக்காக வாங்கிய ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயின்

இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 68 வயது அம்மா தினமும் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க ஆரம்பித்தார், எனக்கோ அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகளை நினைத்துப் பயம். அதற்காகத்தான் இந்தப் பாட்டில். துவர்ப்பு அருமை, வாசனை கொஞ்சம் மட்டு, இனிப்பு ரொம்பவே அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் மிச்சம் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். 2012-ல் வந்த ஒரு ஸ்பானிய ஆய்வில் இந்த வகை ஒயின் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது உண்மைதான், ஆனால் அதில் பங்கேற்ற 67 பேரும் ஆண்கள்! வயதான பெண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எப்படி நம்புவது? சாதாரண ஒயினோ குறைந்த அளவில்கூட மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. அதனால் இதை மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். சரி, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, அடுத்த பாட்டிலும் சொல்லியாச்சு.