மூளைக்கட்டிக்கு மஞ்சளா, நித்தியகல்யாணியா, குந்திரிக்கமா?

வீட்டில் ஒருவருக்கு மூளைக்கட்டி என்றதும் மூலிகை யோசனைகள் வந்து குவியும். சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எதையும் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: மருந்து மூளைக்குள் போகிறதா? நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் என்ன பலன்?

மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களைக் கொல்கிறது. வாய்வழியாகச் சாப்பிட்டால் கதை வேறு. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் விட்டுவைப்பதில்லை. ஆயுளை நீட்டியதாகப் பெரிய சோதனை எதுவும் காட்டவில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். ஆனால் மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டிருக்கிறது.

நித்தியகல்யாணி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வயலில் பயிராகிற செடி. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அதிலிருந்து வருவதுதான். ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கிளையோமா என்ற மூளைக்கட்டியில் மெதுவாக வளரும் வகைக்குக் கதிர்வீச்சோடு புரோகார்பசின், லோமுஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மூன்று மருந்தும் கொடுத்தபோது சராசரி ஆயுள் 7.8 ஆண்டிலிருந்து 13.3 ஆண்டானது. 2016இல் வெளியான முடிவு இது. மூன்று மூலிகைகளில் ஆதாரம் கனமானது இங்கேதான். ஆனாலும் வின்கிரிஸ்டின் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை; பலன் மற்ற இரண்டு மருந்தால்தான் வந்திருக்கும் என்று வாதிடும் மருத்துவர்கள் உண்டு. விரல் மரத்துப்போவதும் மலச்சிக்கலும் இதன் பக்கவிளைவுகள். இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது மட்டும் கூடவே கூடாது. எவ்வளவு நஞ்சு இறங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது குந்திரிக்கம், அதாவது போஸ்வெல்லியா மரத்துப் பிசின். கட்டியைச் சுற்றி நீர்கோத்து வரும் வீக்கம்தான் தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி என்று நோயாளியை வாட்டும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் கதிர்வீச்சு பெற்ற 44 பேரில் ஒரு பாதிக்கு இந்தப் பிசின் மாத்திரை தினமும் 4.2 கிராம், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. பிசின் சாப்பிட்டவர்களில் வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தவர்கள் 60 சதவீதம். வெற்று மாத்திரைக்காரர்களில் 26 சதவீதம்தான். 2011இல் வெளியானது. சிறிய சோதனை, ஆயுள் கூடியதாகவும் அது காட்டவில்லை. ஆனாலும் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறி, தூக்கம் கெட்டு, தொடைத் தசை தளர்ந்து தவிக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. மூன்றில் எதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் பிசினை நம்பி டெக்சாமெத்தசோனை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வீக்கம் மறுபடி ஏறும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் உடனே திரும்பி வராது.