சூடேறினால் படுத்துவிடும் ஃபியூயல் கன்ட்ரோலர்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் இன்ஜினுக்குள் காற்று கூடுதலாகப் போகும், பெட்ரோலையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்த ஃபியூயல் கன்ட்ரோலர் பெட்டி. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். நல்லதாக அமைந்தால் ஓட்டவே சுகமாக இருக்கும். எனக்கு வந்தது அந்த ரகம் இல்லை.

ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு குறையும் தெரியாது. நன்றாகச் சூடேறிய பிறகு, ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று இன்ஜின் அணைந்துவிடும். அடுத்த நொடியே தானாக உயிர் பிடிக்கும். லாரியை முந்தும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விற்றவர்களைக் கேட்டால், "வண்டில எரர் கோட் வருதா சார்? வரலைன்னா எங்க யூனிட்ல ஒண்ணும் இல்லை" என்றார்கள். அப்புறம் பிளக்கை மாற்றச் சொன்னார்கள், பெட்ரோலைக் குறை சொன்னார்கள், பம்ப்பைப் பார்க்கச் சொன்னார்கள். எல்லாம் என் செலவில்.

அந்த எரர் கோட் பேச்சுதான் பெரிய ஏமாற்று. இந்த வகைப் பெட்டியை மாட்டிய பிறகு ஈசியூ இன்ஜெக்டரை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டரைத்தான் இன்ஜெக்டர் என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் பெட்டி இன்ஜெக்டரை இயக்காமல் விட்டாலும் ஈசியூவுக்குத் தெரியாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. இது விற்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

எனவே முதலில் பெட்டியைக் கழற்றிவிட்டு, வண்டியின் சொந்த கனெக்டர்களை நேராகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். (சைலன்சர் மாற்றிய வண்டி என்றால் அதிகம் முறுக்காமல் ஓட்டுங்கள், பெட்ரோல் குறைவாகப் போய் இன்ஜின் சூடாகும்.) என் வண்டி அப்படி ஓட்டியபோது எவ்வளவு சூடேறியும் ஒருமுறைகூட அணையவில்லை. பிளக், பம்ப், பெட்ரோல் மூன்றும் அதோடு வழக்கிலிருந்து விடுதலை.

அடுத்து எர்த் வயர். பெட்டியோடு வந்த வயரின் முனையில் இருந்த வளையத்தை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இழைகளைப் பிடிக்காமல் மேல் உறையை மட்டும் நசுக்கியிருந்தார்கள். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரியின் நெகட்டிவிலும் பெட்டியின் எர்த்திலும் வைத்துப் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. புது வளையம் போட்ட பிறகு எனக்கு அதற்கு வெகு கீழேதான் காட்டியது. ஆனாலும் அணைவது நிற்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஹேர் டிரையர். வண்டியை ஐடிலில் விட்டு, பெட்டியின் மேல் மட்டும் சூடான காற்றை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்த சின்ன விளக்கு மினுங்கி அணைந்தது, கூடவே இன்ஜினும். ஆற விட்டால் மறுபடி ஓடியது. உள்ளே ஏதோ இணைப்பு சூட்டில் விட்டுப்போகிறது. பெட்டி முழுக்க எபாக்ஸி ஊற்றியிருப்பதால் திறந்து பார்க்கவும் வழியில்லை.

இதை வீடியோ எடுத்து அனுப்பிய பிறகே மாற்றுப் பெட்டி வந்தது. லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தால், என் இன்ஜின் கனவிலும் தொடாத 13,000 ஆர்பிஎம் வரை யாரோ மேப் (எந்த ஆர்பிஎம்மில் பெட்ரோலை எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற அட்டவணை) எழுதி வைத்திருக்கிறார்கள். புதுப் பெட்டியில் மேப் காலியாக இருக்க வேண்டும், இல்லை நம் வண்டிக்கான மேப் இருக்க வேண்டும். இது வேறொருவர் திருப்பி அனுப்பியது. ஹேர் டிரையர் காட்டினேன், இதுவும் படுத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. இரண்டு பெட்டிகளையும் அனுப்பினால் பார்க்கலாம் என்றவர்கள், பணம் எப்போது வரும் என்று எழுதித் தர மறுக்கிறார்கள். எழுத்து வரும்வரை இரண்டும் என்னிடம்தான் இருக்கும். அனுப்பினால் அடுத்து யார் வண்டியில் ஏறுமோ தெரியாது.