சானெட்டா, வெண்பாவா: யாப்பு பயில எது முதலில்?

அல்சூர் ஏரிக்கரையில் 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடந்து எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் பெங்களூருப் பிள்ளைகள், கல்லூரியில் சானெட் என்னும் ஐரோப்பியப் பாவடிவையும் இங்கே வெண்பாவையும் ஒரே பருவத்தில் படிக்கிறார்கள்.

வெண்பா, அசைகளால் ஆன ஒவ்வொரு சீரையும் அடுத்த சீரோடு பிணைக்கிறது; இந்தப் பிணைப்பே தளை. ‘கற்க கசடற’ என்று தொடங்கும் குறளில், நேரசையில் (குறிலோ நெடிலோ தனித்து வரும் அசை) முடியும் ‘கற்க’ என்னும் மாச்சீரை அடுத்து, நிரையசையில் (குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணையும் அசை) தொடங்கும் ‘கசடற’ போன்ற சீர்தான் வர முடியும்; ஈற்றுச்சீரான ‘தக’, வெண்பாவை முடிக்கும் வாய்பாடுகளில் ஒன்றான ‘மலர்’ என்பதில் அடங்குகிறது. செவியைப் பழக்க இதைவிடக் கண்டிப்பான ஆசான் இல்லை.

சானெட்டுக்கும் 14 அடி, இயைபு என வரம்புகள் உண்டு. ஆயினும் அது கற்பிக்கும் முதன்மையான பாடம் திருப்பம்தான். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் மரபில் முதல் 8 அடிகள் எழுப்பும் சிக்கல் 9ஆம் அடியில் திசைமாறுகிறது. ஷேக்ஸ்பியரின் 130ஆம் சானெட்டோ, காதலியின் கண்கள் கதிரவனுக்கு ஈடில்லை என்று தொடங்கி 12 அடிகள் வரை வழக்கமான உவமைகளையெல்லாம் மறுத்துவிட்டு, கடைசி இரண்டடியில் அவளை அரியவள் என்று ஆணையிட்டுச் சொல்கிறது. நான்கடி கொண்ட நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் வரும் தனிச்சொல்லும் திருப்புமுனையாகலாம். ஆனால் நான்கடிக்குள் வாதம் வளர இடம் குறைவு.

நான் வெண்பாவிலேயே தொடங்குவேன். தளை தட்டுவதைக் காதால் உணர்ந்த பிறகு சானெட்டுக்குப் போகலாம். அங்கே அளவுகோல் அசையழுத்தம் என்பதால், நேர் நிரை கொண்டு அதை அலகிட (அசை பிரித்துக் காண) முயல்வது மட்டும் வீண்வேலை.