ஐசிஎல் அறுவை சிகிச்சை: லென்ஸ் அட்டை இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்

என் தங்கைக்கு மைனஸ் 11 பவர். கருவிழி (கார்னியா) மெலிதாக இருப்பதால் அதை லேசரால் செதுக்கும் லேசிக் கூடாது என்று சொல்லி, கண்ணுக்குள் ஐரிஸ் என்ற நிறத்திரைக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் பொருத்தும் ஐசிஎல் லென்ஸைப் பரிந்துரைத்தார்கள். சிகிச்சையில் குறையில்லை. அதைச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை செய்த விதத்தில்தான் குறை.

பவரைப் போலவே இந்த லென்ஸின் நீளமும் முக்கியம். 12.1, 12.6, 13.2, 13.7 மில்லிமீட்டர் என்று வருகிறது. நீளம் கூடினால் லென்ஸ் ஐரிஸை முன்னே தள்ளும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி குறுகிக் கண்ணின் அழுத்தம் ஏறும். குறைந்தால் இயற்கை லென்ஸில் பட்டுக் கண்புரை வரலாம்.

வலது கண்ணில் வைத்த பிறகு அவளுக்குத் தலைவலி, விளக்கைச் சுற்றி வளையங்கள். ஒவ்வொரு முறையும் “கண் உலர்ந்திருக்கிறது” என்று சொட்டு மருந்து கொடுத்தார்களே தவிர, அழுத்தத்தை அளக்கவில்லை. வேறொரு மருத்துவர்தான் அளந்தார். இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே 250 முதல் 750 மைக்ரான் வரை இருக்கவேண்டிய இடைவெளி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. “லென்ஸ் அட்டை எங்கே?” என்று கேட்டார். வைத்த லென்ஸின் பவர், நீளம், வரிசை எண் எல்லாம் இருக்கும் அட்டை அது. எங்களுக்குத் தரப்படவேயில்லை. ரசீதில் ‘லென்ஸ் பேக்கேஜ்’ என்று மட்டும் இருந்தது.

பழைய மருத்துவமனை நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகே தாள்கள் வந்தன: வைத்தது 13.2. கண்ணின் உள் அகலத்தை அல்ட்ராசவுண்டில் அளந்த குறிப்பு எதுவும் அதில் இல்லை.

வேறிடத்தில் 12.6-க்கு மாற்றினோம். அழுத்தம் இறங்கிவிட்டது. அந்தச் செலவும் எங்கள் தலையில். திரும்ப வளராத கருவிழி உட்புறச் செல்களில் எவ்வளவு போயிற்று என்று இனி அவ்வப்போது எண்ணிப் பார்க்கவேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் முன்னறை ஆழம் (கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலான தூரம்), கருவிழி உட்புறச் செல் எண்ணிக்கை, லென்ஸ் நீளம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். முதல் கண்ணின் லென்ஸ் அட்டையைக் கையில் தராதவரை இரண்டாவது கண்ணுக்குத் தேதி கொடுக்காதீர்கள்.