சலவை சோடா: கட்டியா, தூளா?

மளிகைக் கடையில் சலவை சோடா கேட்டால் இரண்டு சரக்கு வரும். ஒன்று கற்கண்டு மாதிரிக் கட்டி. இன்னொன்று சோடா ஆஷ் எனப்படும் வெள்ளைத் தூள். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போவதும் இதுதான். இரண்டுமே சோடியம் கார்பனேட். ஆனால் ஒரு கிலோ கட்டியில் 630 கிராம் வெறும் தண்ணீர், சரக்கு 370 கிராம்தான். கட்டியின் விலையை 2.7-ஆல் பெருக்கித் தூளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டிக்கு எதிரி நம்மூர் வெயில். 32 டிகிரியைத் தாண்டினால் தன்னுள் இருக்கும் நீரிலேயே கசியத் தொடங்கும். சித்திரையில் வாங்கும் பாக்கெட்டில் பாதி கஞ்சி, பாதி கல். காற்றுப்பட்டுக் காய்ந்தாலோ மேலே மாவு பூக்கும். பூத்தது கெட்ட சரக்கு அல்ல. நீர் போனதால் சோடா கூடுதல், அளவைக் குறைத்துப் போட வேண்டும், அவ்வளவே.

சந்தேகமிருந்தால் 100 கிராம் கட்டியை இரும்புச் சட்டியில் ஈரம் முழுக்கப் போகும்வரை வறுத்து நிறுக்கலாம். 37 கிராம் நிற்க வேண்டும். கண்ணாடியாய்ப் பளபளத்த கட்டி அதைவிட நிறைய நின்றால், உப்போ வேறெதுவோ கலந்திருக்கிறது. அலுமினியச் சட்டி வேண்டாம், காரம் அரித்துக் கறுத்துவிடும்.

தூளில் ஒரே தொல்லை, கரைக்கும் முறை. தூளின்மேல் தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சிக்கொண்டு கல்லாக இறுகும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே தூளைத் தூவுங்கள். சூடாகும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரில் கால்சியக் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், 15 லிட்டர் வாளிக்கு 8 கிராம் தூள் போதும். கட்டியென்றால் 22 கிராம். தண்ணீர் பால்போலக் கலங்கும், கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிகிறது. அது அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் இறுத்துத் துணிக்கு எடுக்க வேண்டும். துணியோடு சேர்த்தே சோடாவைக் கொட்டினால் சுண்ணாம்பு இழையில் ஒட்டி, கறுப்புப் பேண்ட் சாம்பல் பூசியதுபோல் ஆகும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகவே ஆகாது.

ஆப்ப சோடாவை வறுத்துச் சலவை சோடா ஆக்கலாம் என்பது உண்மைதான். 200 டிகிரி அவனில் பரப்பி வைத்து, எடை குறைவது நிற்கும்வரை விட்டால் 100 கிராமுக்கு 63 கிராம் கிடைக்கும். கரன்ட் செலவையும் கூட்டினால் கடைத் தூளே மலிவு. அவசரத்துக்குச் செய்யலாம்.