சொட்டு மருந்தா, அயோடினா, கண்ணுக்குள் ஊசியா?

எழும்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ கண்புரை ஆபரேஷனுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் லென்ஸைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். கிருமித் தொற்றை எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்பவர் குறைவு. தொற்று அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் பார்வையே போகலாம்.

பெரும்பாலும் அந்தக் கிருமி நோயாளியின் சொந்த இமையிலிருந்தும் கண்ணோரத்திலிருந்தும்தான் உள்ளே போகிறது. அதனால் முதல் மதிப்பெண் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக்கு. ஆபரேஷனுக்கு முன் 5% கரைசலைக் கண்ணில் விட்டு 3 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். விலை மலிவு, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளையும் விடாது. கொஞ்சம் எரியும். மரத்துப்போகும் ஜெல்லை அதற்கு முன்பே தடவிவிட்டால் அயோடின் சரியாகப் படாது. ஒரு விஷயம்: வஞ்சிர மீனோ இறாலோ ஒத்துக்கொள்ளாது என்பதற்காக இதை மறுக்கத் தேவையில்லை. அது வேறு அலர்ஜி.

ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைத்தான் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். அயோடின் போட்டுவிட்டால், ஆபரேஷனுக்கு முன்கூட்டியே விடும் சொட்டால் கூடுதல் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை.

ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்துவது வேறு ரகம். ஐரோப்பிய ஆய்வு ஒன்றின் முடிவு 2007-இல் முழுமையாக வெளியானது. செஃபுராக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தாதவர்களுக்குத் தொற்று சுமார் 5 மடங்கு அதிகம். நம் ஊர்க்கணக்கும் உண்டு: அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசியதில், மாக்சிஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைச் செலுத்தத் தொடங்கியபின் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது.

இரண்டில் எது? செஃபுராக்சிம் பவுடர் என்றால் கரைத்து அளவெடுக்கும்போது பிசகலாம். சூடோமோனாஸ் கிருமியிடம் அது எடுபடாது. மாக்சிஃப்ளாக்சசின் கரைசலாகவே கிடைக்கிறது, அது அடக்கும் கிருமிகளின் பட்டியலும் நீளம். சென்னையில் என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் ஒரே நாளில் ஒரே தியேட்டரில் பலருக்குத் தொற்று வந்தால் கதை வேறு. அங்கே சந்தேகம் கண்ணைக் கழுவும் திரவத்தின் மீதும், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்த விதத்தின் மீதும் போகும். அதை எந்த ஊசியும் ஈடுகட்டாது. அதனால் கருவிகள் ஒவ்வொரு ஆளுக்கும் தனி செட்டா என்று தயங்காமல் கேளுங்கள். அப்புறம், வீடு திரும்பிய சில நாளில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் வந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள், நள்ளிரவானாலும்.